பெயரைக் கேட்கும் உரிமை

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். அங்கே புகார்ப் பெட்டியைத் திறக்கும் குழுவில் நானும் ஒருத்தி. பெட்டியில் கிடப்பது பெரும்பாலும் மொட்டைக் கடிதம்தான். ஒன்றைச் சொல்கிறேன். பேக்கிங் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதியது. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையால் எழுதினாற்போலக் கோணல் எழுத்து. செக்கிங்கில் சூப்பர்வைசர் பெண்களை என்ன சொல்லித் திட்டினார், எந்தக் கிழமை, எந்த மேஜை, எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் இல்லை. படித்து முடித்ததும் அறையில் எழுந்த முதல் கேள்வி, "யார் எழுதினது?" நடந்ததா என்று கேட்க வெகுநேரம் ஆயிற்று.

பெயரில்லாத சொல்லை நம்பலாமா என்பது எனக்கு அறம் சார்ந்த கேள்வி. பக்கத்து ஊர் அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட தலம் என்பார்கள். அவருடைய அவிநாசிப் பதிகத்தைச் சின்ன வயதிலிருந்து பாடி வருகிறேன். கடைசிப் பாட்டில் ஆரூரன் என்று தன் பெயரைச் சொல்லி, இதைப் பாடுவோருக்குத் துன்பமில்லை என்கிறார். எனக்கு அது ஜாமீன் கையெழுத்தாகவே படுகிறது. சொன்னது பலிக்காவிட்டால் என்னைக் கேள் என்று ஒருவர் முன்வந்து நிற்கிறார்.

அப்படி நிற்பவர் சிறைக்கும் போக நேரும். ஈரோட்டிலிருந்து வந்த 'குடி அரசு' 1933 அக்டோபரில் வெளியிட்ட தலையங்கத்துக்காகப் பெரியார் சிறை சென்றார். வெளியீட்டாளர் என்று தம் பெயர் இருந்ததால் அவர் சகோதரி கண்ணம்மாளும் சென்றார். அந்த அம்மாளை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆனால் அந்தத் துணிச்சலைச் செக்கிங் மேஜைப் பெண்ணிடம் நான் கேட்கலாமா? கண்ணம்மாளுக்குப் பின்னால் குடும்பமும் இயக்கமும் இருந்தன. இவள் வெளியூர்க்காரி, வேலையும் கம்பெனியுடையது, படுக்கிற விடுதியும் கம்பெனியுடையது. பெயர் கசிந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும். பெயரைக் கேட்கிறவன் முதலில் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது: புகார் எழுத்தில் வேண்டும், புகார் தந்தவர் யார் என்பதை வெளியே பரப்பக் கூடாது.

வேறு வகை மொட்டைக் கடிதமும் வரும். பதவியில் இருப்பவர், தமக்கு ஆகாதவரின் நடத்தையைப் பற்றி எழுதுவது. தேதி இருக்காது, சாட்சி இருக்காது, பழி மட்டும் இருக்கும். அவருக்குச் சோறு போகாது, கூரை போகாது. புறங்கூறாமைக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வைத்தது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். பயப்படக் காரணம் உள்ளவர் பெயரை மறைக்கலாம். இவருக்கு அந்த உரிமை கிடையாது.

கம்பெனி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடிதத்தை வருகைப் பதிவேட்டோடு வைத்துக் கையெழுத்தை ஒப்பிடாதீர்கள். அந்த மேஜைக்குப் போய், எழுதியிருப்பது நடந்ததா என்று விசாரியுங்கள். விசாரணை உத்தரவில் உங்கள் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.