போர்வை போர்த்தினால் போதுமா?

இல்லாதவனுக்குக் கொடுப்பது நன்று என்பதை மறுப்பார் இலர். ஆனால், இல்லாமை ஏன் உண்டாயிற்று என்று கேளாமலே கொடுத்துக்கொண்டிருப்பதும் நன்றுதானா என்று வினவினால், விடை கூறச் சற்றுத் தயங்குவோம். சமுதாய மாற்றத்தை விழையும் நம்மிடையே இவ்வினா அடிக்கடி எழுகின்றது. தருமம் புண்ணை மூடும் துணியேயன்றி ஆற்றும் மருந்தாகாது என்பர் ஒரு சாரார். இன்றிரவு குளிரில் நடுங்கும் குழந்தைக்கு நாளைய புரட்சி போர்வை ஆகுமா என்று கேட்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் பொதுப்படையாகப் பேசுவதால் வாதம் முடிவின்றி நீள்கின்றது. ஆதலின், ஒரு சிறு பொருளை எடுத்து, அதன் வரலாற்றோடு வைத்து இவ்வினாவை ஆராய்வோம். ஐக்கிய அமெரிக்காவில் பெண்கள் தாமாக முன்வந்து தைத்து ஊராருக்கு வழங்கும் ஒட்டுப் போர்வையே அப்பொருள்.

ஆங்கிலத்தில் 'கில்ட்' எனப்படும் இப்போர்வை மூன்று படைகளை உடையது. மேலே, சிறுசிறு துணித் துண்டுகளை வடிவம் பொருந்த இணைத்த முகத்துணி. நடுவே பஞ்சுப் படை. அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊடுருவிச் செல்லும் சிறு தையல்களால் ஒன்றாக்கி, ஓரங்களுக்குப் பட்டி வைத்து முடிப்பர். முழுவதும் கையால் தைப்பதாயின் ஒரு போர்வைக்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். பெண்கள் பலர் ஒரு சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைப்பது பழைய வழக்கம். இன்றும் அந்நாட்டில் இவ்வாறு கூடித் தைக்கும் சங்கங்கள் ஏராளமாக உள்ளன. தாம் தைத்தவற்றில் ஒரு பகுதியை மருத்துவமனைகளுக்கும், முதியோர் இல்லங்களுக்கும், வீடிழந்தோர் தங்குமிடங்களுக்கும் அவை விலையின்றி வழங்குகின்றன.

இவ்வழக்கம் எவ்வளவு எளிதாகப் பரவவல்லது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1995 ஆம் ஆண்டு நத்தாருக்கு முதல் நாள் வெளிவந்த சஞ்சிகை ஒன்றில், இரத்தப் புற்றுநோயுற்ற சிறுமி ஒருத்தி சிகிச்சைக் காலம் முழுவதும் தன் சிறு போர்வையைப் பற்றிக்கொண்டிருந்த செய்தி இடம்பெற்றது. அதனைப் படித்த கரன் லூக்ஸ் என்னும் கொலராடோ மாநிலப் பெண்மணி, டென்வர் நகரில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்குப் போர்வைகள் சேர்த்துக் கொடுக்க முனைந்தார். போர்வையை விட்டுப் பிரியாத 'லைனஸ்' என்ற கேலிச்சித்திரச் சிறுவனின் பெயர் அம்முயற்சிக்கு வந்தது. நோயாலும் அதிர்ச்சியாலும் வறுமையாலும் வாடும் பல இலட்சம் குழந்தைகளுக்கு 'லைனஸ் திட்டம்' இன்று போர்வை வழங்கியுள்ளது. தைத்தவர் எவரும் கூலி பெறவில்லை.

இதனை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறு ஒதுக்குமுன் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். கூலிக்கு உழைப்பவன் தான் ஆக்கிய பொருளையே தனக்கு அந்நியமாகக் காண்கின்றான் என்று 1844 ஆம் ஆண்டுக் கைப்பிரதிகளில் மார்க்ஸ் விளக்கினார். எதை ஆக்குவது, எவ்வளவு வேகத்தில் ஆக்குவது, ஆக்கியது எங்கே போகும் என்பவற்றுள் எதனையும் தொழிலாளி தீர்மானிப்பதில்லை. போர்வை தைக்கும் பெண்ணோ இம்மூன்றையும் தானே தீர்மானிக்கின்றாள். நிறத்தைத் தெரிகின்றாள், பிழைபட்ட தையலைப் பிரித்து மீண்டும் தைக்கின்றாள், தான் ஒருபோதும் காணப்போகாத ஒருவருக்காக அவ்வளவு கவனத்தைச் செலவிடுகின்றாள். சந்தையின் கட்டளையின்றி மனிதன் மனிதனுக்காக உழைக்கக் கூடும் என்பதற்கு இது கண்கூடான சான்றன்றோ? சுரண்டலற்ற சமுதாயத்தில் வேலை செய்ய எவன் முன்வருவான் என்று ஏளனம் செய்வோருக்கு இச்சான்றை நாம் காட்டலாம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. 1925 இல் வெளிவந்த கொடை பற்றிய ஆய்வில் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், கொடை எப்போதும் கைம்மாறு வேண்டி நிற்பது என்றும், திருப்பிக் கொடுக்க இயலாதவன் தாழ்ந்துபோகின்றான் என்றும் எடுத்துக்காட்டினார். வாங்குவோரை வரிசையில் நிறுத்தி, படம்பிடித்து, பெயர்ப்பலகை நாட்டிச் செய்யும் தருமங்களில் இத்தாழ்வு வெளிப்படை. ஆனால் சங்கம் மொத்தமாக மருத்துவமனையில் ஒப்படைக்கும் போர்வையைப் பெறும் குழந்தை எவருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. கொடுத்தவரை அது அறியாது. கொடுத்தவரும் அதனை அறியார். கொடுப்போன் செருக்கும் வாங்குவோன் கூச்சமும் இதனால் பெரிதும் குறைகின்றன.

எனினும், இந்த அறியாமைக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. வாங்குபவரை அறியாதவர் அவர் ஏன் அந்நிலைக்கு வந்தார் என்பதையும் அறியாமலே இருந்துவிடலாம். நோயுற்ற குழந்தைக்குப் போர்வை கிடைக்கின்றது. அக்குழந்தையின் பெற்றோருக்கு மருத்துவச் செலவுப் பட்டியலும் கிடைக்கின்றது. குடிமக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்புறுதியை இன்றளவும் உறுதிப்படுத்தாத செல்வ நாடு அமெரிக்கா. போர்வை குளிரை மறைக்கின்றது. கூடவே பட்டியலையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுமோ என்பதே அச்சம்.

இவ்விடத்தில் நம்மவர் ஏங்கல்சை நினைவுகூர்வர். இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை பற்றி 1845 இல் வெளியிட்ட நூலில் அவர் முதலாளிகளின் தருமத்தைக் கடுமையாகச் சாடினார். உழைப்பாளியிடமிருந்து பறித்ததில் ஒரு சிறு துளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வள்ளல் என்ற பெயரையும் வாங்கிக்கொள்கின்றார்களே என்பது அவர் சீற்றம். அச்சீற்றம் நியாயமானது. ஆனால், அதனை அப்படியே தையற்சங்கத்துப் பெண்கள்மீது ஏவுவது நியாயமாகாது. ஆலை முதலாளி முன்னர் பறித்தவன். இப்பெண்கள் எவரிடமும் எதனையும் பறித்தவரல்லர். ஆகவே, கொடுப்பவர் எங்கிருந்து எடுத்தார் என்ற அளவுகோல் இங்கே முழுமையாக உதவாது. அக்கொடை எக்கேள்வியை எழுப்புகின்றது, எக்கேள்வியை அடக்குகின்றது என்பதே தக்க அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக்கொண்டு ஒரு கடினமான எடுத்துக்காட்டை அளந்து பார்ப்போம். 2003 இல் தன் மகன் ஈராக் போருக்கு அனுப்பப்பட்டபோது, கதரின் றொபேட்ஸ் என்னும் தாய் போர்வீரருக்குப் போர்வை தைத்து வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வியக்கம் இதுவரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வைகளை வழங்கியுள்ளது. உறக்கமிழந்த தாயின் துயரை எள்ளி நகையாடுவது மனிதப் பண்பன்று. போர்களத்திலிருந்து உடலும் உள்ளமும் சிதைந்து மீண்டவனுக்கு அப்போர்வை ஆறுதல் அளித்திருக்கும் என்பதும் உண்மையே. ஆனால், அவனை அங்கே அனுப்பியது யார், எதற்காக என்று அப்போர்வை கேட்பதில்லை. அவன் சென்ற நாட்டிலும் உறக்கமிழந்த தாய்மார் இருந்தனர். 'நம்மவர்' என்ற வட்டம் எவ்விடத்தில் முடிகின்றதோ அவ்விடத்தில் ஊசியும் நின்றுவிடுகின்றது. ஊர்ப்பற்றிலிருந்து பிறக்கும் ஈகையின் எல்லை இது.

கேள்வியைச் சுமந்து சென்ற போர்வைகளும் வரலாற்றில் உள்ளன. 1836 இல் பொஸ்டன் நகரப் பெண்கள் அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கு நிதி திரட்ட ஒரு விற்பனைச் சந்தை நடத்தினர். அங்கு விற்கப்பட்ட பொருள்களுள் நட்சத்திர வடிவங்கள் இணைத்துத் தைத்த தொட்டிற் போர்வை ஒன்றும் இருந்தது. தன் குழந்தையைப் போர்த்தும் தாய், பிள்ளையைப் பறிகொடுத்த அடிமைத் தாயையும் எண்ணுமாறு வேண்டும் பாட்டு வரிகள் அதன் நடுவே மையினால் எழுதப்பட்டிருந்தன. அக்காலத்து அமெரிக்கப் பஞ்சு தென்மாநில அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதை எண்ணும்போது அவ்வரிகளின் கூர்மை இன்னும் புலனாகும். அப்போர்வையும் குழந்தைக்குச் சூடு தந்தது. ஆனால் அது தாயை நிம்மதியாகத் தூங்கவிடவில்லை.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கதை. அலபாமா ஆறு வளைந்து மும்முறமும் சூழ்ந்த அவ்வூரில் வாழ்வோர், பெற்வே என்ற பண்ணைக் குடும்பத்தாரின் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள். இங்கே பெண்கள் போர்வை தைத்தது கொடுப்பதற்காக அன்று, குளிர் தாங்குவதற்காக. உழைத்து நைந்த காற்சட்டைகளும் மாச்சாக்குகளும் அவர்களுக்குத் துணியாயின. 1932 இல், கடன் கொடுத்துவந்த வணிகர் ஒருவர் இறந்ததும், அவர் உரிமையாளர் ஏறத்தாழ 60 குடும்பங்களின் மாடுகளையும் கருவிகளையும் சேமித்த தானியத்தையும் கடனுக்காக அள்ளிச் சென்றனர். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவு அவர்களைப் பட்டினிச் சாவிலிருந்து காத்தது. அவ்வுணவைப் 'போலித் தருமம்' என்று சொல்ல நமக்கு நா எழுமா? எழாது. ஆனால் அடுத்த ஆண்டும் அவர்கள் நிலமற்றவராகவே இருந்தனர்.

1937 இல் கூட்டாட்சி அரசு அப்பண்ணை நிலத்தை வாங்கியது. வீடுகள் கட்டப்பட்டன. 1940களில் அக்குடும்பங்கள் கடனுதவி பெற்று நிலத்தைத் தமதாக்கிக்கொண்டன. இதன் பயன் இருபது ஆண்டுகளின் பின்னரே முழுமையாகத் தெரிந்தது. அம்மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மையோராயிருந்தும், 1960களின் தொடக்கத்தில் அவருள் ஒருவர்கூட வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதியச் சென்ற குத்தகையாளரை நிலச்சொந்தக்காரர் குடியெழுப்பினர். சொந்த நிலம் உடைய ஜீஸ் பெண்ட் மக்களை அவ்வாறு எழுப்ப இயலவில்லை. 1962 இல் மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் ஆற்றுத் தோணிச் சேவையே நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடியது 2006 இல். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு ஒரு குளிர்காலத்தைக் கடக்க உதவியது. நிலமோ நிமிர்ந்து நிற்க உதவியது.

1966 இல் அவ்வட்டாரப் பெண்கள் 'சுதந்திரத் தையற் கூட்டுறவு' ஒன்றை அமைத்தனர். பிரான்சிஸ் வோல்ற்றர் என்னும் பாதிரியார் அவர்களின் போர்வைகளை வாங்கி நியூயோர்க்கில் ஏலத்தில் விற்க, அப்பணத்தோடு தொடங்கிய முயற்சி இது. வாக்குரிமை கேட்டதற்காக வீடிழந்த குடும்பங்களுக்குத் தன் நிலத்திலேயே இக்கூட்டுறவு மனை விற்றது. பெருங் கடைகளின் கட்டளைக்கேற்ப ஒரே வார்ப்பாகத் தைக்க நேர்ந்ததால் தம் சொந்தக் கோலங்களை அவர்கள் ஓரளவு கைவிட்டதும் உண்மை. உழைப்புக்கு விலை கிடைத்தது; ஆயினும் சந்தை தன் பங்கைக் கேட்காமல் விடவில்லை. 1972 இல் தொடங்கிய தலையணை உறை வேலையில் மிஞ்சிய தடித்த துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, தம் விருப்பப்படி புதிய போர்வைகளை அவர்கள் தைத்தனர். 2002 இல் நியூயோர்க்கின் விற்னி அரும்பொருட்சாலையில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் ஓவியங்களைப்போலத் தொங்கவிடப்பட்டன. அவற்றுள் இத்துணியாலானவையும் இருந்தன.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? கொடை உரிமைக்கு மாற்றாகாது. கொடுப்பவர் நாளை மனம் மாறலாம், நோயுறலாம், ஊரைவிட்டுப் போகலாம். உரிமையோ எவர் மனத்தையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆனால், உரிமை வரும்வரை கொடை வேண்டா என்பாரும் தவறுகின்றனர். 1932 இன் குளிர்காலத்தில் உணவு வந்திராவிடின், 1937 இல் நிலம் பெற அங்கே யார் இருந்திருப்பர்? கையால் உதவாமல் கொள்கையால் மட்டும் மக்களை நேசிப்பவன், அம்மக்களை ஒரு கருத்தாகவே கண்டு பழகிவிடுகின்றான். அது முற்போக்காளருக்கு நேரும் நோய்களுள் கொடியது.

ஆகவே, தைக்கும் பெண்ணிடம் ஊசியைக் கீழே வை என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அவள் அருகே அமர்ந்து நூல் கோத்துக் கொடுத்து, "இதனைப் போர்த்தப்போகும் குழந்தைக்கு வீட்டில் ஏன் போர்வை இல்லை?" என்று கேட்கும் கடமையே நமக்கு உண்டு. அக்கேள்வியைத் தையற்சட்டத்தைச் சுற்றியிருக்கும் அனைவரும் கேட்கத் தொடங்குவராயின், அச்சங்கம் தருமச் சங்கமாக மட்டும் நின்றுவிடாது. மாணவரிடையே உதவிப் பணிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் இஃது பொருந்தும். பிள்ளைகள் கொடுக்கக் கற்கட்டும். கொடுத்த அன்றே ஏன் என்று கேட்கவும் கற்கட்டும். இவ்விரண்டில் ஒன்றைக் கற்பித்து மற்றையதை விட்டுவிடும் கல்வி பாதிக் கல்வியே.