பெற்ற தாயும் வளர்த்த கையும்

சீவகாருணியத்தை மாணாக்கருக்கு உபதேசித்தல் உபாத்தியாயர்களாகிய நமக்கு எளிது. கொல்லாமையும் புலாலுண்ணாமையும் நம் பாலர் இளமை தொட்டே கேட்டு வருவன. ஆயின், ஓருயிரைக் கொல்லாதிருத்தல் வேறு. அதனைத் தன் கைக்குட்படுத்தி வளர்த்தல் வேறு. முன்னதற்கு நாம் விலகி நிற்றலே போதும். பின்னதிலோ, அவ்வுயிரின் உணவும் நீரும் உறக்கமும் மகப்பேறும் நம் கையிலே கிடக்கின்றன. அவ்வாறு கைக்கொண்டார்க்கு வரும் கடமை யாது என்பதை யான் ஒரு சிறுமியின் வினாவினாற் கற்றேன். அதனை உடனாசிரியர்களுக்கு மறையாது கூறுதல் நலமெனக் கருதி இதனை எழுதலானேன்.

ஊர்காவற்றுறைப் பகுதியிற் பாடசாலையொன்றில் யான் படிப்பித்த காலத்து, ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கொழும்பிலிருந்து வந்த அவள் மாமன் கம்பிக்கூடொன்றில் ஹாம்ஸ்டர் என்னும் எலியினப் பிராணிகள் இரண்டைக் கொணர்ந்து கொடுத்தார். பொன்னிற மயிரும், இல்லையென்னும்படி குறுகிய வாலும், தானியத்தை அடக்கி வைக்கும் கன்னப்பைகளும் உடையன அவை. வீட்டிற் பூனைக்கு அஞ்சி அவள் அக்கூட்டை வகுப்பறையிற் கொண்டுவந்து வைத்தாள். ஒருநாட் காலையில் ஏழு குட்டிகள் பிறந்திருக்கக் கண்டோம். கண் திறவாமலும் மயிர் முளையாமலும் சிவந்து கிடந்தன. யான் பெருமகிழ்ச்சி கொண்டு, தாய் மூடி வைத்திருந்த கடதாசித் துண்டுகளை நீக்கி, ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்து வகுப்பு முழுதும் காட்டினேன். மறுநாட் காலையிற் குட்டிகள் நான்கே இருந்தன. ஏனைய மூன்றையும் தாய் தின்றுவிட்டது.

அச்சிறுமி அழவில்லை. “ஐயா, பெற்ற தாய் பிள்ளையைத் தின்றாற் பாவம் ஆருக்கு?” என்று கேட்டாள். “அது விலங்கின் இயல்பு, பிள்ளை” என்று கூறி யான் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். அவ்விடை முழுப் பொய்யன்று. ஆயினும் அதன் பின்னே என் குற்றத்தை ஒளித்துக்கொண்டேன்.

பின்னர் அவ்விலங்கினைப் பற்றி அறிந்தாரை வினவியும் நூல்களை நோக்கியும் தெளிந்தவை இவை. ஹாம்ஸ்டர் தனித்து வாழும் இயல்பினது. வளர்ந்த ஆணும் பெண்ணும் ஒரு கூட்டில் அமைதியாயிரா. அது பகலில் உறங்கி இரவில் விழித்திருப்பது. சூல் கொண்டு பதினாறு நாளளவிற் குட்டி ஈனும். ஈன்றபின் இரண்டு வாரத்துக்கு அயலார் கை குட்டிகள்மேற் படலாகாது. கூட்டைக் கழுவுதலும் ஆகாது. உணவும் நீரும் மட்டும் ஓசையின்றி வைத்து அகலவேண்டும். அச்சமோ, பசியோ, நீர்க்குறைவோ, வேற்று மணமோ உண்டாயின், தாய் தன் குட்டிகளைக் கொன்று தின்னுதல் கூடும். எங்கள் கூட்டில் ஆணைப் பிரிக்கவில்லை. பகலெல்லாம் முப்பது பிள்ளைகளின் கூச்சல். தகரக் கூரையின் வெப்பம். இவற்றின்மேல் என் கை. இத்தனையும் அத்தாய்க்கு யாம் செய்தவை.

அற்றேல், “உபாத்தியாயர் பகைமையாற் செய்தாரல்லர், அன்பினாலன்றோ எடுத்துக் காட்டினார், அன்பினாற் செய்தது பாவமாகுமோ?” எனின், அவ்வன்பு யாருடைய இன்பத்தை நோக்கியது என்று ஆராய்தல் வேண்டும். குட்டியை எடுத்தபோது இன்புற்றது என் கை. இன்புற்றன மாணாக்கர் கண்கள். குட்டிக்கோ தாய்க்கோ அதனால் யாதொரு நலமும் இல்லை. தன் இன்பத்தைப் பிறவுயிரின் நலமென மயங்குதலே வளர்ப்பாரிடத்துக் காணப்படும் முதற் குற்றம். நன்று தீது ஆராயும் அறிவு விளங்காத விலங்கின்மேற் பாவத்தைச் சுமத்தி, அவ்வறிவு பெற்ற மனிதன் தப்பிக்கொள்வது நீதியாகுமா?

இவ்வநீதி புதிதன்று. 1930ஆம் ஆண்டிலே சிரியா தேசத்து அலெப்போ நகரின் அயலிற் கோதுமை வயலொன்றை ஆழத் தோண்டி, யெருசலேம் நகரத்து விலங்கியல் அறிஞராகிய அகரோனி என்பார், ஒரு தாய் ஹாம்ஸ்டரையும் அதன் பதினொரு குட்டிகளையும் கைக்கொண்டார். பெட்டியில் அடைத்தபோது, தன்னை அணுகிய குட்டியொன்றைத் தாய் கொன்றது. அதுகண்டு ஏனைய குட்டிகளைக் காக்கும்பொருட்டுத் தாயைக் கொன்றனர். எஞ்சிய பத்தையும் அகரோனியும் அவர் மனைவியாரும் தம் கையால் வளர்த்தார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் பெரும்பாலும் அக்குட்டிகளின் வழி வந்தனவே. வளையைத் தோண்டினவர் மனிதர். பெட்டியில் அடைத்தவர் மனிதர். தண்டம் பெற்றதோ தாய். எங்கள் வகுப்பறையில் யான் கூறிய விடையும் அத்தகைய தீர்ப்பே.

கைக்கொண்டதனைப் பின்னர் மறந்துவிடுதல் இரண்டாவது குற்றம். அதற்குச் சான்று நம் தீவகத்திலேயே உண்டு. நெடுந்தீவில் ஒல்லாந்தர் குதிரைகளை வளர்ப்பித்தனர். பின்னர் ஆங்கிலர் ஆட்சியில் நோலன் என்னும் படை அதிகாரி அவ்வேலையை நடத்தினார். அவர் காலத்து இலாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. குதிரைகளால் வரும் பயன் ஒழிந்தபோது வளர்த்த கைகளும் ஒழிந்தன. குதிரைகளின் சந்ததியோ ஒழியவில்லை. நன்னீர் அரிதாகிய அத்தீவின் வெளிகளில் அவை இன்றும் குட்டிகளோடு திரிகின்றன. மழை பொய்த்த காலங்களில் நீரின்றிக் குதிரைகள் மாண்டமையைத் தீவார் அறிவர். 2015ஆம் ஆண்டில் அந்நிலத்தின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கொணர்ந்தவர் தம் நாடு சென்றுவிட்டார். கொணரப்பட்டவை செல்ல இடமின்றி நிற்கின்றன. கூடு சிறிதாயினும் தீவு பெரிதாயினும் நீதி ஒன்றே: ஓருயிரைக் கைக்கொண்டவன் அதன் சந்ததிக்கும் கடன்பட்டவன்.

இக்கடனை எவ்வாறு தீர்ப்பது? பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்திலே, பாண்டியன் வேட்டையில் தாயையும் தந்தையையும் இழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டுக்கு இறைவன் முலை கொடுத்த வரலாற்றை நாம் மாணாக்கருக்குச் சொல்லி வருகின்றோம். அதில் ஒன்றைக் கருதுக. இறைவன் அக்குட்டிகளைத் தூக்கிச் சென்று மாடத்தில் வைத்துச் சீராட்டினானல்லன், தானே தாய்ப்பன்றியாயினான். அவற்றுக்கு எது வேண்டுமோ, எவ்வுருவில் வேண்டுமோ, அதனை அவ்வுருவிலே கொடுத்தான். வளர்ப்பார்க்கு இதனினும் மேலான இலக்கணம் இல்லை. பாலின்றிக் கிடக்கும் குட்டிக்குத் தாயாதல் பால் கொடுத்தலாம். தாயோடு கிடக்கும் குட்டிக்குத் தாயாதல் கையை மடக்கிக்கொண்டு அப்பால் நிற்றலாம்.

ஆதலின், வகுப்பிலோ வீட்டிலோ இத்தகைய பிராணிகளை வைக்க விரும்பும் மாணாக்கரிடத்து உபாத்தியாயர் முன்னரே சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். பாடசாலை விடுமுறையில் இவற்றுக்கு உணவிடுவார் யார்? பங்குனி சித்திரை வெயிலிற் குளிர்ந்த இடம் எது? குட்டிகள் பிறந்து மூன்று வாரத்திற் பால் மறந்து, நான்காம் வாரத்தில் ஆண் வேறு பெண் வேறாகப் பிரிக்கப்பட்டு, பின்னர் ஒவ்வொன்றும் தனிக்கூடு பெறவேண்டுமே. அத்தனை கூடுகள் உளவோ? இவற்றுக்கு விடையில்லையேல், ஆணையும் பெண்ணையும் ஒருங்கு வையாதிருத்தலே காருணியம். வளர்க்க இயலாதபோது பற்றைக்குள் விட்டுவிடுதல் விடுதலையன்று. அது காக்கைக்கும் பாம்புக்கும் கொடுத்தலாம்.

அந்த நான்கு குட்டிகளும் பிழைத்தன. கூட்டின்மேல் அச்சிறுமி தன் தாயாரின் பழஞ்சேலைத் துண்டொன்றை இட்டு மூடி, ஒருவரையும் அணுகவிடாமற் காத்தாள். அவை கண் திறந்த கிழமையில் யான் வகுப்பின் முன் நின்று, “அன்று நீ கேட்ட வினாவுக்கு இன்று விடை சொல்கிறேன். பாவம் தாய்க்கன்று, கூட்டைத் திறந்த எனக்கு” என்றேன். வகுப்பு அமைதியாயிருந்தது. அவள், “எனக்கு அண்டைக்கே தெரியும் ஐயா” என்றாள். சீவகாருணியத்தைப் பற்றி யான் படிப்பித்த பாடங்கள் பல. அவற்றுள் மாணாக்கர் மறவாதது, யான் என் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்த ஒன்றே என்று நம்புகின்றேன்.