550 என்றொரு பதில்

தொலைவிலுள்ள சர்வரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நிரல் எழுத வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கொடுக்கும் சின்ன வேலைதான். ஆனால் கோப்புகளை அனுப்பவும் பெறவும் பயன்படும் நெறிமுறையான எஃப்டிபியின் கட்டளைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், அதைக் கேட்பதற்கென்று ஒரு கட்டளையே கிடையாது. கோப்பை எடுக்கலாம், வைக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம், அடைவில் உள்ளவற்றைப் பட்டியலிடலாம். ‘இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்க மட்டும் வழியில்லை.

கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குப் போன அபய் பூஷண், 1971 ஏப்ரலில் இந்த நெறிமுறையின் முதல் வடிவத்தை எழுதினார். ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1985இல் எழுதிய ஆர்எஃப்சி 959 என்ற ஆவணம் இன்றும் அதன் அடிப்படை. கோப்பு பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்களின் கவலை. கோப்பின் அளவைக் கேட்கும் ‘சைஸ்’ கட்டளைகூடப் பல சர்வர்களில் புழங்கி, 2007இல்தான் முறையான தரமானது. ஆகவே நாம் சுற்றிவளைத்துக் கேட்கிறோம். அளவு என்ன என்கிறோம். 213 என்று தொடங்கி ஓர் எண் வந்தால் கோப்பு இருக்கிறது. 550 வந்தால்?

என்னை நீண்ட காலமாக யோசிக்க வைத்த எண் அது. ஆர்எஃப்சி 959இன்படி, கோப்பு அங்கே இல்லாவிட்டாலும் 550; இருந்து, அதைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லாவிட்டாலும் 550. நடைமுறையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. எழுத்து முறையில் இணைந்திருக்கும்போது அளவு கேட்டால், கோப்பு அங்கேயே கிடந்தாலும், பல சர்வர்கள் அதே 550ஐச் சொல்லி மறுத்துவிடும். பைனரி முறைக்கு மாற்றிக்கொண்டு கேட்டால் அதே கோப்புக்கு அளவு வரும். எண்ணை அடுத்து வரும் ஆங்கில வாக்கியம் சர்வருக்குச் சர்வர் மாறுவதால் அதை நம்பியும் எழுத முடியாது.

இதை அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. ‘இருக்கிறது, உனக்குத் தரமாட்டேன்’ என்று சொல்வதே ஒரு ரகசியத்தை வெளியிடுவதாகும். 1999இல் வந்த ஆர்எஃப்சி 2577, பயனர் பெயர் தவறாக இருந்தாலும் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு அதற்குப் பிறகே மறுக்கச் சொல்கிறது. எந்தப் பெயர் சரி என்பது வெளியாளுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். வாயிலில் நிற்பவர் உண்மை முழுவதையும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

தவறு கேட்கிற நம் பக்கம் நடக்கிறது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் அளவு கேட்கும் ஃபங்ஷன் எல்லாத் தோல்விக்கும் -1 என்று ஒரே பதிலைத் தருகிறது. பைத்தான் மொழி தற்காலிகத் தடையையும் நிரந்தர மறுப்பையும் பிரித்துக் கொடுக்கிறது. நாம்தான் இரண்டையும் ஒரே வலையில் பிடித்து ‘இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறோம். இணைப்பு அறுந்தது, நேரம் கடந்தது, அனுமதி போனது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பணம் செலுத்தியோர் பட்டியலைத் தேடி இரவில் ஓடும் நிரல் அதை நம்பி, இன்று பணம் செலுத்தியவர் யாரும் இல்லை என்று கணக்கை மூடிவிடும். பட்டியலில் பெயர் காணோம் என்றதும் அப்படி ஒரு ஆளே இல்லை என்று முடிவுகட்டும் அலுவலகங்களை நாம் அறிவோம். முதியோர் உதவித்தொகைக்காக அங்கே நிற்கும் பாட்டிக்கு நேர்வதும் இந்த நிரலில் நேர்வதும் ஒரே பிழைதான்.

சரி, ‘இருக்கிறது’ என்ற பதிலையாவது நம்பலாமா? அதிலும் நிம்மதி இல்லை. மறுமுனையில் ஒருவர் கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே நாம் அளவு கேட்டால், அதுவரை வந்து சேர்ந்த பாதிக்கு ஓர் எண் வரும். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டு, இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் முழுமை என்று கொள்பவர்கள் உண்டு. ஏற்றுபவரின் இணைப்பு நடுவில் முடங்கியிருந்தாலும் இரண்டு எண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும். ‘இருக்கிறது’ என்ற பதில் நம்மிடம் வந்து சேர்வதற்குள் யாரேனும் அதை அழித்திருக்கவும் கூடும்.

தொலைவிலிருப்பதைப் பற்றி நம் கையில் இருப்பது, யாரோ ஒருவர் ஏதோ ஒரு நொடியில் சொன்ன பதில் மட்டுமே. பொருளையே பார்த்துவிட்டதாக நினைக்கும் இடத்தில்தான் அறிவு வழுக்குகிறது. எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும், ஒரு வேலை முடிந்துவிட்டதா என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. செய்தவர் சொல்ல வேண்டும்.

இதை உணர்ந்து எழுதப்பட்ட நிரல் மூன்று பதில் தரும்: இருக்கிறது, இல்லை, தெரியவில்லை. மூன்றாவது வந்தால் எதையும் அழிக்காமல், எந்தக் கணக்கையும் மூடாமல், ஒரு மனிதரைக் கூப்பிடும். கோப்பு தேவையென்றால் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டிராமல் நேராக எடுக்க முயலும். வராவிட்டால் அதற்கேற்ப நடந்துகொள்ளும். அனுப்புபவரோ கோப்பைத் தற்காலிகப் பெயரில் ஏற்றி, கடைசி பைட்டும் சேர்ந்து, ஏற்றம் முடிந்தது என்பதற்கான 226ஐ சர்வர் சொன்ன பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுவார். எடுக்கவேண்டியவர் அந்தப் பெயரை மட்டும் தேடினால் போதும். அது பட்டியலில் தெரிகிறதென்றால், அனுப்பியவர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் அதைச் சூட்டியிருக்கிறார்.