ஸ்கூல் தேடுற அப்பா அம்மாவுக்கு தகப்பன்சாமி சொல்லும் பாடம்

ஓம் சரவணபவ!

அட்மிஷன் நேரம் வந்தாச்சு. மரக்காணத்துல இருந்து மயிலம் மலைக்குப் போய், "முருகா, புள்ளைக்கு நல்ல ஸ்கூல் அமையணும்"னு வேண்டிக்கிறோம். நல்ல ஸ்கூல்னா எது? சுவாமிமலைக் கதையிலேயே அதுக்குப் பதில் இருக்கு.

பிரம்மா நாலு வேதமும் ஓதினவர். ஆனா "ஓம்" என்பதற்குப் பொருள் என்னன்னு பாலமுருகன் கேட்டதும் அவருக்குப் பதில் வரலை. தலையில் குட்டு வாங்கி சிறைக்குப் போனார். அப்புறம் சிவபெருமானே பிள்ளைக்கு முன்னால சீடனா இருந்து, காது கொடுத்து அந்தப் பொருளைக் கேட்டார். அதனாலதான் முருகனுக்கு தகப்பன்சாமின்னு பேர்.

முதல் பாடம் பிரம்மா கிட்ட இருக்கு. ஒப்பிக்கிறது வேற, பொருள் தெரியறது வேற. ஸ்கூல் கட்டிடத்தையும் வேனையும் மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. அங்கே படிக்கிற நம்ம தெருப் பிள்ளைகிட்ட, "புரியலைன்னா டீச்சரைக் கேட்பியா?"ன்னு கேளுங்க. "கேட்டா திட்டுவாங்க"ன்னு பிள்ளை சொன்னா, ஃபீஸ் எவ்வளவா இருந்தாலும் அந்த ஸ்கூல் வேண்டாம்.

ரெண்டாவது பாடம் சிவபெருமான் கிட்ட. ஈசனே பிள்ளை சொல்றதைக் கேட்டார். நாமோ சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னு பார்த்து ஸ்கூல் முடிவு பண்றோம். மே மாசம் உப்பு வாருற நேரம், கையில காசு புழங்கும். பெரிய ஸ்கூல் ஃபீஸ்கூட கட்டிடலாம் போலத் தெரியும். ஐப்பசி மழையில பாத்தியெல்லாம் தண்ணி நின்னா வேலை இருக்காது. அடுத்த டேர்ம் ஃபீஸுக்கு வட்டிக்கு வாங்கணும். வீட்டுல நடக்கிற அந்தக் கடன் சண்டை பிள்ளை காதுல விழாம இருக்குமா? அதனால மே மாசக் காசை வச்சு கணக்குப் போடாதீங்க, ஐப்பசியை வச்சுப் போடுங்க.

வழி இல்லாம இல்லை. கல்வி உரிமைச் சட்டத்துல தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 25% இடம் தரணும், எட்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது. ஒன்பதாம் வகுப்புக்கு என்ன செய்யறதுன்னு மட்டும் இப்பவே யோசிச்சு வைங்க.

அரசுப் பள்ளியில் சேர்க்கிறதை கௌரவக் குறைச்சலா நினைக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படிச்ச பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், இன்ஜினியரிங் மாதிரி படிப்புகளில் 2021 முதலும் 7.5% இடம் தனியா இருக்கு. கல்லூரிக்குப் போனா, பெண் பிள்ளைக்கு புதுமைப் பெண் திட்டத்துலயும் பையனுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்துலயும் மாசம் 1,000 ரூபாய் வரும். அஞ்சாவது முடிஞ்சதும் அவசரப்பட்டு ஸ்கூல் மாத்துறதுக்கு முன்னால இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

எந்த ஸ்கூல்ல சேர்த்தாலும் சாயங்காலம் பத்து நிமிஷம் போனைக் கீழே வச்சுட்டு, பிள்ளை பேசுறதைக் கேளுங்க. சுவாமிமலையில் அப்பன் செஞ்சது அதுதான். சூரனையே மயிலாக்கி ஏத்துக்கிட்ட முருகன், மார்க் குறைஞ்ச பிள்ளையையும் கைவிட மாட்டார். நாமளும் விடக் கூடாது.

ஸ்கூல் தேடுற ஒரு வீட்டுக்காவது இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை! முருகா சரணம்!