கலைஞனின் இல்லறம்

எவரையும் எஜமானராக ஏற்காமல், தன் கையையும் தன் தோழர்களின் கையையுமே நம்பிப் படைப்புத் தொழில் புரிகிற கலைஞனின் வாழ்க்கையை நாம் துறவு என்று போற்றிப் பழகிவிட்டோம். அவன் பசித்திருந்தால் அதைத் தவம் என்கிறோம். கடன்பட்டு மனம் நொந்தால் தியாகம் என்கிறோம். ஆதரிப்பாரின்றி மறைந்துபோனால், உயிரோடிருந்த காலத்தில் அவன் நூல் ஒன்றையேனும் விலை கொடுத்து வாங்காத நாமே மேடை போட்டு அவனைச் சித்த புருஷன் என்று கொண்டாடுகிறோம். இந்தப் போற்றுதல் தர்மத்துக்கு ஒத்ததுதானா? சுதந்திரமான கலைஞனின் வாழ்வு உண்மையிலேயே துறவைச் சேர்ந்ததா, அல்லது விருந்தோம்பலும் சுற்றம் தழுவுதலும் உழைத்து ஈட்டுதலும் அடங்கிய இல்லறத்தைச் சேர்ந்ததா? இது வெறும் இலக்கிய விசாரம் அன்று. ஒரு மனிதன் எப்படி வாழவேண்டும் என்னும் தத்துவ விசாரமே ஆகும்.

இதை ஆராயக் கள்ளக்குறிச்சிச் சீமையிலேயே போதிய சாட்சியங்கள் உண்டு. 2019 நவம்பர் 26-ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்த நிலப்பகுதியில், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. புலவன் ஒருவனின் முடிவும், ஆழ்வார்கள் மூவரின் சந்திப்பும், கூலி காணாத உழைப்பின் நெடிய சரித்திரமும் இந்தச் சிறிய வட்டாரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

அவற்றுக்குச் செல்லுமுன், கடல் கடந்த நாட்டில் எழுந்த நம் காலத்து இயக்கம் ஒன்றைப் பார்ப்போம். 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் நகரங்களில் ‘பங்க்’ என்ற பெயரோடு எழுந்த இளைஞர் எழுச்சியைக் கிழிந்த உடையென்றும் கூச்சலென்றும் மட்டுமே அறிந்தவர்கள் அதன் உட்பொருளை அறிந்தவர் ஆகார். வங்கிக் குமாஸ்தாவாக இருந்த மார்க் பெர்ரி என்னும் இளைஞர் அச்சகத்தையும் பதிப்பாளரையும் எதிர்பாராமல், தட்டச்சு செய்தும் கையால் எழுதியும் பிரதியெடுத்தும் 1976-இல் தாமே ஓர் இசைப் பத்திரிகையை வெளியிட்டார். மான்செஸ்டரைச் சேர்ந்த ‘பஸ்காக்ஸ்’ குழுவினர் உற்றார் உறவினரிடம் 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தங்கள் முதல் இசைத்தட்டைத் தாங்களே ஆயிரம் பிரதிகள் எடுத்து விற்றார்கள். பெரிய கம்பெனியின் அனுமதி கிடைத்தபிறகே ஒருவன் கலைஞனாகிறான் என்ற எண்ணத்தை இவர்கள் செயலால் மறுத்தார்கள். கருவி எளிதாக இருக்கட்டும், பயிற்சி குறைவாகக்கூட இருக்கட்டும், சொல்லவேண்டியது நெஞ்சில் இருந்தால் இன்றே தொடங்கு என்பதே அவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உபதேசம்.

அந்த இயக்கத்தில் அழிவின்மேல் மோகம் கொண்ட ஒரு கிளையும் இருந்தது. அது சீக்கிரத்தில் தன்னையே எரித்துக்கொண்டது. நிலைத்து நின்று பயன் தந்தது வேறொரு கிளை. எஸெக்ஸ் பகுதியில் ‘டயல் ஹவுஸ்’ என்ற பழைய பண்ணைவீட்டைப் பென்னி ரிம்போ என்பவர் 1967 முதலே யாவருக்கும் திறந்த இல்லமாக நடத்தி வந்தார். தோட்டம் போட்டு, காய்கறி விளைவித்து, வந்தவர்க்கெல்லாம் உணவும் இடமும் கொடுத்து வாழ்ந்த அந்த வீட்டிலிருந்துதான் 1977-இல் ‘க்ராஸ்’ என்ற குழு பிறந்தது. ஜீ வாச்சர் என்ற ஓவியப் பெண்மணி அதன் சித்திரங்களை அங்கேயே வரைந்தார். கடைக்காரர் அதிக விலை வைக்கக் கூடாதென்று, இன்ன விலைக்குமேல் கொடுக்காதீர்கள் என்னும் அறிவிப்பை அவர்கள் தங்கள் இசைத்தட்டின் உறையிலேயே அச்சிட்டார்கள். அதிகாரம் எதையும் ஒப்பாத இந்தக் கலகக்காரர்களின் சுதந்திரம் ஒரு சமையலறையையும் ஒரு தோட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டிருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே உறுதி, ‘பங்க்’ என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. எழுத்தாளர் சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ என்னும் சிற்றிதழ் 1970 வரை 119 இதழ்கள் வெளிவந்தது. புதுக்கவிதைக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் தமிழில் ஒரு களம் அமைத்துக் கொடுத்த அப்பத்திரிகைக்குப் பின்னால் முதலாளி ஒருவர் இல்லை. ஒரு மனிதரின் வைராக்கியம் மட்டுமே இருந்தது. தாம் பதிப்பித்த புத்தகங்களைத் தாமே மூட்டையாகச் சுமந்து ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்ற அவருடைய உருவம் நம் இலக்கிய உலகில் ஒரு புராண மூர்த்தியின் ஸ்தானத்தைப் பெற்றுவிட்டது. அந்த மூர்த்தியை நானும் வணங்குகிறேன். ஆனால், வணங்கும்போது ஒன்றை மறைக்கலாகாது: ஒருவர் தோள்மேல் அத்தனை சுமையும் ஏறியதற்குக் காரணம் அவருடைய தவச் சிறப்பு மட்டும் அன்று, அந்தச் சுமைக்குத் தோள் கொடுக்க வேண்டிய வாசக சமூகம் ஒதுங்கி நின்றதும் காரணமாகும். துறவி தன் ஒருவனுடைய பசியைத்தான் தானே ஏற்கிறான். கலைஞனுக்கோ வீடு இருக்கிறது, மனைவி மக்கள் இருக்கிறார்கள். அவன் தவம் என்று நாம் புகழ்வது பெரும்பாலும், சம்மதம் கேட்கப்படாத அவர்களுடைய பட்டினியையும் உள்ளடக்கியே நிற்கிறது.

இவ்விடத்தில் கல்வராயன் மலை நமக்கு ஒரு கடினமான பாடத்தைப் புகட்டுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இந்த மலையில், வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தார்கள். ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுப்பது மலைவாசியின் கடமை என்பது அங்கே வழக்கமாகவும் மரபாகவும் மரியாதையாகவும் பேசப்பட்டு வந்தது. அந்த ஆதிக்கம் முடிவுக்கு வந்தது 1976-இல்தான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நாட்டின் பாராளுமன்றம் இயற்றியதும் அதே ஆண்டில்தான். ஒருவனுடைய உழைப்பை விலை கொடாமல் பெற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள், அந்த உழைப்புக்கு எப்பொழுதும் ஒரு புனிதமான பெயரைச் சூட்டுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. பலாத்காரத்தால் சுமத்தப்பட்ட அடிமைத்தனத்தையும், கலைஞன் விரும்பி ஏற்கும் வறுமையையும் நான் ஒன்றாக்கவில்லை. அவற்றின் துன்பம் வேறு, அளவு வேறு. எனினும் ‘கலைச்சேவை’ என்று சொல்லி ஓவியனிடம் படமும், பாடகனிடம் பாட்டும், எழுத்தாளனிடம் கட்டுரையும் இலவசமாகப் பெற்றுச் செல்கிற நாகரிக மனிதர்களின் மனத்தில் அந்தப் பழைய ஜாகீர்தாரின் நியாயம் சிறிதளவேனும் குடியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே பரிசோதித்துக் கொள்வது அவசியம்.

அவ்வாறாயின், புரவலன் ஒருவனை அண்டி வாழ்வதுதான் வழியா? சங்கப் புலவர் கபிலருடைய வாழ்க்கை இதற்கு விடை சொல்லும். பறம்பு மலைத் தலைவனான பாரி அவருக்குப் பொருள் கொடுத்தவன் மட்டும் அல்லன், உயிர்த்தோழனும் ஆவான். கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியையும் கபிலர் பாடினார். ஆனால் வருகிற புலவர் அனைவரையும் தரம் அறியாமல் ஒரே விதமாகப் பார்க்காதே என்று அந்த வள்ளலுக்கே அறிவுரை கூறும் நிமிர்வு அவரிடம் இருந்தது. கொடையைப் பெற்ற கை, கொடுத்தவன் முன் குவிந்து சுருங்கவில்லை.

பாரி மூவேந்தரின் சூழ்ச்சியால் மடிந்தபோது, நட்பே உயிராகக் கொண்ட அந்தப் புலவர் அன்றே தம் உயிரையும் நீத்திருந்தால் உலகம் அவரைப் புகழ்ந்திருக்கும். அவரோ அவ்வாறு செய்யவில்லை. தந்தையை இழந்த பாரி மகளிரை அழைத்துக்கொண்டு, விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற தலைவர்களின் வாயிலில் சென்று நின்று, மறுக்கப்பட்டு, மறுபடியும் நடந்தார். அரசர்களுக்கு நேராகப் பேசிய நா, பிறர்பொருட்டு இரந்து பேசவும் கூசவில்லை. அப்பெண்களுக்கு ஒரு புகலிடம் தேடிக் கொடுத்த பின்னரே அவர் தம் முடிவை நாடினார். வடக்கிருந்து உயிர் நீத்தார் என்று புறநானூற்றின் குறிப்பும், பாரியின் பெண்ணை மலையர்க்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் கூறுகின்றன. தென்பெண்ணை ஆற்றில் உள்ள கபிலர் குன்றைப் பார்க்க வருகிறவர்கள் அந்தத் தீயையே நினைக்கிறார்கள். தீக்கு முன்னால் நடந்த நெடும் பயணத்தை நினைப்பவர் சிலரே. கபிலருடைய பெருமை துறந்ததில் முடிகிறது என்பது மெய். ஆயினும் அது விளைந்தது, தமக்குப் பிறவாத பெண்மக்களுக்காகத் தெருவில் இறங்கி நடந்த இல்லறத்தில் என்பது அதனினும் பெரிய மெய்.

புரவலர்கள் மறைந்த காலத்தில் கலைஞர்கள் தங்களுக்குத் தாங்களே புரவலர்களாவது எப்படி என்பதற்குச் சென்னை ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் நம் நாட்டின் சிறந்த விடையாகும். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், தம் மாணவர்கள் பலர் படிப்பு முடிந்ததும் பிழைப்புக்காகத் தூரிகையையே கைவிட நேர்வதைக் கண்டு வருந்தி, அவர்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணிகளையும் பிற கைத்தொழிற் பொருள்களையும் செய்து விற்ற பணத்தைக் கொண்டு, 1966-இல் கடற்கரையோரம் நிலம் வாங்கித் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொண்டு அவர்கள் குடியேறினார்கள். துணி விற்றது, வயிறு நிறைந்தது. படம் விற்றாலும் விற்காவிட்டாலும் அதைத் தன் மனச்சாட்சிப்படி வரையும் உரிமை ஓவியனுக்கு நிலைத்தது.

கைத்தொழிலில் இறங்கினால் கலையின் மேன்மை குன்றிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டங்களில் உள்ள மரச்சிற்பிகளின் பட்டறைகளுக்குச் சென்று பார்க்கவேண்டும். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சிற்பத் தொழிலில், தெய்வ உருவமானாலும் வீட்டுக் கதவானாலும், வாங்குகிறவர் கேட்ட அளவுக்கும் மரபு விதித்த லட்சணத்துக்கும் உட்பட்டே உளி நடக்கிறது. ஆனாலும் பழகிய கண் இரண்டு சிற்பிகளின் கையை வேறு வேறாக அடையாளம் கண்டுகொள்ளும். விலை பேசி முன்பணம் பெற்றதனால் அந்தக் கை தாழ்ந்துவிடவில்லை. மூத்தவரின் பக்கத்தில் அமர்ந்து இளையவன் கொட்டாப்புளி பிடிக்கக் கற்கும் அந்த இடம், தொழிற்கூடம், பள்ளி, குடும்பம் ஆகிய மூன்றும் ஒன்றான இடமாகும். கலையைக் கெடுப்பது விலை அன்று. விலையைத் தவிர வேறொன்றையும் நினையாத மனமே அதைக் கெடுக்கிறது.

கூடி வாழ்வதிலும் ஆபத்து இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூட்டம் என்றால் அதில் ஒரு தலைவன் முளைப்பான். கலகமே கொள்கையாகக் கொண்டவர்களும் ஒரே மாதிரி உடுத்தவும், ஒரே மாதிரி பாடவும், மாறுபட்டவனை விலக்கவும் தொடங்குவார்கள். நம் சமூகத்திலோ, யார் உள்ளே வரலாம், யார் வாசலிலேயே நிற்கவேண்டும் என்பதை ஜாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியால் 2017-இல் உருவாகி, இசைஞர் டென்மாவின் வழிகாட்டலில் 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, சாவு வீட்டிலும் தெருமுனையிலும் நிறுத்தி வைக்கப்பட்ட கானாவையும் பறையையும் நடுமேடைக்குக் கொண்டுவந்தது. கலைச் சமூகம் ஒன்றின் சுதந்திரத்தை அதன் பாட்டில் உள்ள ஆவேசத்தைக் கொண்டு அளப்பதைவிட, அதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதைக் கொண்டு அளப்பதே முறை.

அந்த அளவுகோலை நமக்கு வழங்கியது திருக்கோவலூரின் இடைகழிதான். மழை பெய்யும் இருட்டில் பொய்கையாழ்வார் ஒரு சிறு இடைகழியில் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டபோது, ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வார் வந்ததும், இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். அப்படி நின்றபோதுதான் நான்காவதாக ஒருவர் தங்களுக்கிடையே நெருக்குவதை உணர்ந்து, அவர் பகவானே என்று கண்டுகொண்டார்கள் என்பது குருபரம்பரை சொல்லும் வரலாறு. படுத்திருந்தவர் தனியாகவே படுத்திருந்தால் அவருக்குச் சௌகரியம் கிடைத்திருக்கும், தரிசனம் கிடைத்திருக்குமா? மேலும், அன்று பிறந்தது மூவரும் கூடிப் பாடிய ஒரே நூல் அன்று. முதல் திருவந்தாதி, இரண்டாம் திருவந்தாதி, மூன்றாம் திருவந்தாதி என்று மூவரும் தனித்தனியே நூறு நூறு பாசுரங்கள் அருளினார்கள். இடத்தைப் பகிர்ந்தவர்கள் குரலை இழக்கவில்லை. ஒவ்வொருவருடைய குரலும் மற்றவர் அருகில் நின்றதனாலேயே தன் சொந்தச் சுருதியைக் கண்டடைந்தது.

ஆகவே, சுதந்திரம் என்பது எவரோடும் ஒட்டாத தனிமை என்று கொள்வதற்கில்லை. பிறர் கைக்கு விலைபோகாத நெஞ்சும், பிறருக்கு இடம் கொடுக்கும் வீடும் ஒருங்கே அமைந்த நிலைதான் சுதந்திரம். நெஞ்சைக் காப்பது கலைஞன் தனியே செய்யவேண்டிய சாதனை. வீட்டைக் காப்பது எல்லோரும் கூடிச் செய்யவேண்டிய அறம். முதலாவதை அவனிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டென்றால், இரண்டாவதில் நம் பங்கைச் செலுத்தும் கடமையும் நமக்கு உண்டு. சிற்றிதழுக்குச் சந்தா கட்டுவதும், படத்துக்கு உரிய விலை கொடுப்பதும், பாட வந்தவனுக்கு மேடையோடு கூலியும் தருவதும், ஊரில் பூட்டிக் கிடக்கும் ஒரு கூடத்தின் சாவியை இளைஞர்கள் கையில் ஒப்படைப்பதும் தர்மகாரியங்கள் என்ற கணக்கில் சேரும் நாள் வந்தால், கலைஞனைத் துறவி என்று புகழவேண்டிய அவசியம் நமக்கு இராது. அவன் நம்மோடு சரியாசனம் பெற்ற குடும்பஸ்தனாக, வயிறார உண்டு, வாயாரப் பாடுவான்.