யாரும் கேட்கவில்லை

போன வருடம் எங்கள் பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. தலைவர் பதவிக்கு என் பெயரை ஒரு நண்பன் முன்மொழிந்தான். இன்னொருவன் வழிமொழிந்தான். போட்டி இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று, "எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்று இரண்டு வார்த்தை பேசினேன். பிறகு மாமாக் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டோம்.

அந்தக் கூட்டத்துக்கு மண்டபம் எடுத்தவர், ஆண்டறிக்கையைத் தட்டச்சு செய்தவர், பொருளாளரை விரட்டி விரட்டிக் கணக்கை முடிக்க வைத்தவர், எல்லாம் ஒரே ஆள். எங்கள் செயலாளர். எனக்கு ஒரு வருடம் ஜூனியர் மாணவி. தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் செயலாளர் என்றே சொல்கிறேன். பொங்கல் விழா, தீபாவளி இரவு, இரத்த தான முகாம் எதுவானாலும் கடிதம் எழுதி அனுமதி வாங்கியது அவர்தான். மாணவர் விவகாரப் பிரிவில் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்றுகூட அன்று எனக்குச் சரியாகத் தெரியாது.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் நூலக வாசலில் பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன்: "நீ ஏன் தலைவருக்கு நிக்கல? உனக்குத்தான எல்லாம் தெரியும்."

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த ஃபைலை மூடிக்கொண்டே சொன்னார்: "யாரும் கேக்கலயே அண்ணா."

அன்றிலிருந்து அந்தப் பதில் என்னை விடவில்லை. முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே? விருப்பம் இருந்தால் அவரே நின்றிருக்கலாமே? யோசித்துப் பார்த்தால், நாட்டுத் தேர்தலில் பெண்கள் ஏன் குறைவு என்று பேச்சு வரும்போதும் நாம் இதையேதான் சொல்கிறோம். சட்டம் தடுக்கவில்லை, அவர்களுக்கு ஆர்வமில்லை, நாம் என்ன செய்ய முடியும்? ஆகவே கேள்வி இதுதான்: யாரும் யாரையும் தடுக்காத இடத்தில் அநியாயம் நடக்க முடியுமா?

நான் பொறியியல் மாணவன். ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால், சிக்னல் எந்தக் கட்டத்தில் காணாமல் போகிறது என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பாடம். அதையே இங்கேயும் செய்து பார்த்தேன். 2022 நவம்பரில் நடந்த 15-வது பொதுத் தேர்தலில் 222 நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு 945 பேர் போட்டியிட்டார்கள். அவர்களில் 127 பேர் பெண்கள். வென்ற பெண்கள் 30 பேர். எல்லாரும் "வெறும் 13.5 விழுக்காடு" என்று அந்த 30-ஐப் பார்த்துத்தான் வருத்தப்பட்டார்கள். நான் கால்குலேட்டரை எடுத்து வேறு ஒரு கணக்குப் போட்டேன். நின்ற பெண்களில் எத்தனை பேர் வென்றார்கள்? 127-க்கு 30, அதாவது 23.6 விழுக்காடு. நின்ற ஆண்களில்? 818-க்கு 192, அதாவது 23.5 விழுக்காடு.

இரண்டு தடவை சரிபார்த்தேன். ஏறக்குறைய ஒரே எண்தான். எந்தத் தொகுதி யாருக்குக் கிடைத்தது என்பதையெல்லாம் இந்தக் கணக்கு காட்டாது என்பது உண்மை. ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. "நம்ம ஜனங்க பொம்பளைக்கு ஓட்டுப் போட மாட்டாங்க" என்று காப்பிக் கடையில் பெரியவர்கள் சொல்வது சரியில்லை. வாக்குச்சீட்டில் பெயர் இருந்தால் மக்கள் போடுகிறார்கள். வாக்குச்சீட்டில் பெயர் வருவதற்கு முன்பே எங்கேயோ சிக்னல் காணாமல் போகிறது. இத்தனைக்கும் நம் நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம்.

நம் பெண்களுக்குத் துணிச்சல் இல்லை என்று யாராவது சொன்னால் வரலாறு அதை ஒத்துக்கொள்ளாது. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்தப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் 1946-ல் ம.இ.கா.வைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் அவர் நாடாளுமன்ற மேலவைக்குப் போனார். ஆனால் அது நியமனப் பதவி, மக்கள் ஓட்டுப் போட்டுக் கிடைத்ததல்ல.

1952-ல் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் தேவகி கிருஷ்ணன் நின்று வென்றார். மலாயாவில் தேர்தலில் வென்ற முதல் பெண் அவர்தான் என்கிறார்கள். சுதந்திரத்துக்கு ஐந்து வருடம் முன்பே ஓர் இந்தியப் பெண்மணி அந்தக் கதவைத் திறந்திருக்கிறார். அவர் ஏறிய படி இன்று நமக்கு இல்லை. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-ல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருடமே முடிந்தது, தேர்தல் திரும்பி வரவில்லை. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக முடித்துவிட்டது. இன்று நகராண்மைக் கழக உறுப்பினர்கள் நியமனம்தான்.

இது ஏன் முக்கியம்? வீட்டிலிருந்து பதினைந்து நிமிட தூரத்தில் கூட்டம், சொந்தத் தாமானின் சாக்கடை, தெருவிளக்கு, குப்பை லாரி என்று தொடங்குவது ஒரு குடும்பப் பெண்ணுக்கும் முடிகிற காரியம். அந்த முதல் படியை எடுத்துவிட்டு, நேராக மாடிக்குத் தாவச் சொல்கிறோம். நாடாளுமன்றத்துக்கு நிற்க வைப்புத்தொகை மட்டும் 10,000 ரிங்கிட். பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போச்சு. அதற்கு மேல் பேனர், பெட்ரோல், சாப்பாடு. ராத்திரி பதினோரு மணி வரை செராமா. அம்மா இல்லாத வீட்டில் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று ஆண் வேட்பாளரிடம் யாரும் கேட்பதில்லை.

அதையும் தாண்டி உள்ளே போனாலும் என்ன பேச்சு காத்திருக்கிறது? 2007-ல் நாடாளுமன்றக் கட்டடத்தின் கூரை ஒழுகியது பற்றி பத்து காஜா தொகுதியின் பெண் உறுப்பினர் கேள்வி எழுப்பினார். அதற்கு எதிர்ப்பக்கத்து ஆண் உறுப்பினர்கள் மாதவிடாயை வைத்துக் கேலி செய்தார்கள். நாடே பார்க்கும் அவையில் நடந்தது இது. இதைப் பார்த்த ஒரு பெண் "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னால், அதை ஆர்வமில்லை என்று எழுதிக்கொள்வது நியாயமா? சூடு பட்ட கையைப் பார்த்துவிட்டு அடுப்பிடம் போகாதவரை, சமையலில் விருப்பமில்லாதவர் என்று சொல்வதுபோல் இருக்கிறது.

ஆனால் பணத்தையும் நேரத்தையும் கேலியையும்விட முதலில் வருவது அந்தக் கேட்காமைதான் என்று இப்போது நினைக்கிறேன். அமெரிக்காவில் ஜெனிஃபர் லாலஸ், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே மாதிரிப் படிப்பும் தொழிலும் உள்ள ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். "நீங்க தேர்தல்ல நில்லுங்க" என்று யாராவது சொல்லிக் கேட்ட பெண்கள் குறைவு. தனக்குத் தகுதி உண்டு என்று நினைத்த பெண்களும் குறைவு. இரண்டும் தனித்தனி விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. யாரோ ஒருவர் நம்மைப் பார்த்து "உன்னால முடியும்" என்று சொல்லித்தான் பலருக்கும் அந்த எண்ணமே வருகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 பொதுத் தேர்தலில் பத்து தொகுதியில் பி. பிரபாகரன் வென்றார். 22 வயது, சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே என் முதுகில் தட்டி, "பாத்தியாடா, நாளைக்கு நீயும் இப்படி வரணும்" என்றார். நான் அப்போது ஐந்தாம் படிவம். கணக்குப் பாடத்தில் திணறிக்கொண்டிருந்தவன். பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் விவாதப் போட்டியில் கோப்பை வாங்கியவள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் அக்காவை எதற்கும் தடுத்ததும் இல்லை. அவளிடம் அதைச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தோன்றவில்லை.

நான் மேலே கேட்ட கேள்விக்கு இங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. ஒரு பாலம் இடிந்தால், "நான் தள்ளிவிடல" என்று பொறியாளர் தப்பிக்க முடியாது. சோதிக்க வேண்டியவர் சோதிக்கவில்லை என்பதே குற்றம். அதுபோல, பதவியை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, தடுக்காமல் இருப்பது மட்டும் கடமை அல்ல. யாரைக் கேட்க மறந்தோம் என்று பார்ப்பதும் கடமை.

"அப்போ தகுதி பாக்க வேணாமா? பொண்ணுன்னா குடுத்துடணுமா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நல்ல கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "என்னைத் தலைவராக்கினப்ப என்ன தகுதி பாத்தீங்க?" அவன் சிரித்துவிட்டான். உண்மையில் யாரும் எதையும் பார்க்கவில்லை. நான் ஃபுட்சால் ஆடுகிறவன், எல்லாருக்கும் தெரிந்த முகம். தகுதி பற்றிய பேச்சு ஒரு பெண்ணின் பெயர் வரும்போதுதான் எழுகிறது என்றால், நாம் அளப்பது தகுதியை அல்ல.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் தங்கள் கோயில் நிர்வாகத்தையும் இளைஞர் மன்றக் கிளையையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். பதிவு மேசையில் யார்? அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குவது யார்? மேடையில் மாலை வாங்குவது யார்? நாளைய வேட்பாளர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. மைக் பிடிக்கவும், கணக்குக் கேட்கவும், தோற்றால் மறுபடி நிற்கவும் இந்த மாதிரிச் சின்னக் கூட்டங்களில்தான் கற்றுக்கொள்கிறார்கள். இன்று நம் நாட்டில் 18 வயதிலேயே ஓட்டும் போடலாம், வேட்பாளராகவும் நிற்கலாம். கேட்பதற்கு இன்னும் பத்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டம் அடுத்த மாதம். மூன்று வாரம் முன்பு செயலாளரிடம் நேராகவே கேட்டேன்: "தலைவருக்கு நிக்கிறியா? நான் முன்மொழியறேன்." அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "கேட்டதுக்கு நன்றி அண்ணா. ஆனா கமிட்டி மீட்டிங்க ராத்திரியில வைக்கிறத முதல்ல மாத்துங்க. நான் வெளிய தங்கியிருக்கேன், கடைசி பஸ் பத்து மணிக்கு. இத்தனை நாளா பாதியிலேயே எழுந்து போறேன், யாரும் கவனிக்கலயா?"

கவனிக்கவில்லை. ஒரு வருடம் தலைவராக அந்த மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது கூட்டத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றியிருக்கிறோம். பையன்கள் இரண்டு பேர் ஃபுட்சால் போச்சே என்று முணுமுணுத்தார்கள்.

நிற்கிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நிற்காமலும் போகலாம், அது அவர் முடிவு. ஆனால் இந்தத் தடவை அவர் வேண்டாம் என்று சொன்னால், அது கேட்ட பிறகு சொன்ன பதிலாக இருக்கும். போன வாரம் வீட்டுக்குப் போனபோது அக்காவிடமும் பேசினேன். "உனக்கு அரசியல்ல ஆசை இருந்துச்சா?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "இப்பதான் ஒருத்தன் கேக்கறான்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்று இரவு நாங்கள் வெகுநேரம் பேசினோம்.