விதைநெல்லும் பதரும்

முன்னோர் விட்டுச் சென்ற அனைத்தையும் நாம் ஏற்றுப் போற்றத்தான் வேண்டுமா? திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு இது வெறும் ஏட்டு வினாவன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. ஒரே ஆட்சியின் கீழ் வாழ்ந்த உறவினரிடையே எல்லைக்கோடு விழுந்தது. பலருக்குப் பூர்வீக வீடும் குலதெய்வமும் அப்பால். தொழிலும் பிள்ளைகளின் கல்வியும் இப்பால்.

எல்லையால் மரபு அறுந்துவிடுமோ? ஆலப்புழையில் பிறந்து, இந்நகரில் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீய'த்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்திலிருந்தே 2021-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் அமைந்தது. வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் மரபில் விதைநெல்லும் உண்டு, பதரும் உண்டு. இந்நகரத்து நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் குடும்பமொன்றின் வழியே இரண்டையும் காட்டுகிறது. ஆச்சி சொல்லும் கதைகளில் பேரனின் உள்ளம் உருவாகிறது. அதே குலத்தின் கட்டுப்பாடுகள் அவனுடன் பிறந்தவளின் வாழ்வை நசுக்குகின்றன.

பிறக்கும் குடியை நாம் தேர்வதில்லை. பிள்ளைகளுக்கு அளிப்பதைத் தேர்கிறோம். தமிழை அளிப்போம், நமக்கு வாழ்வளித்த மலையாள மண்ணை மதிக்கும் பண்பையும் அளிப்போம், பெண்ணை ஒடுக்கும் வழக்கத்தை நம்மோடு நிறுத்துவோம். பதரைப் புடைத்து நீக்குபவன் முன்னோரை இகழ்பவனல்லன். அவர்தம் வயலைக் காப்பவனே ஆவான்.